அன்றைய வாசகத்திலிருந்து செபிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் பைபிள் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். தினமும் செபிக்கிறவர்களும் நிறையப் பேர். ஆனால் வாசித்ததை மூடி வைத்துவிட்டு, அதற்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல, வழக்கமான வேண்டுதல்களுக்குப் போய்விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் சொற்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன் (திருப்பாடல் என்றால் சங்கீதம், செபம் என்றால் ஜெபம்), ஆனால் சொல்லியிருப்பது எந்தச் சபையினருக்கும் பொருந்தும்.

வாசகத்திலிருந்து செபிப்பது என்றால் என்ன? நான் வழக்கமாகச் செபிப்பதிலிருந்து இது எப்படி வேறு?

யார் முதலில் பேசுவது என்பதில்தான் வேறுபாடு. வழக்கமாக நாம் முதலில் பேசுகிறோம், நம் பட்டியலோடு போகிறோம். இதில் கடவுள் முதலில் பேசுகிறார், நாம் அவர் சொன்னதற்குப் பதில் சொல்கிறோம். செபிக்கும்போது நாம் கடவுளிடம் பேசுகிறோம், இறைவார்த்தையை வாசிக்கும்போது அவர் பேசுவதைக் கேட்கிறோம் என்று நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோசு சொன்னதை, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில் எடுத்துச் சொல்லி, வாசிப்போடு செபமும் சேர்ந்தே போகட்டும் என்றது.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த முறை இல்லை. பைபிளில் வருகிறவர்களே இப்படித்தான் செபித்தார்கள். மரியா எலிசபெத்தின் வீட்டில் பாடிய பாடலை 1 சாமுவேல் 2இல் இருக்கும் அன்னாவின் பாடலோடு வைத்துப் பாருங்கள், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதும் பசித்தோர் நிறைவடைவதும் இரண்டிலும் வரும். மீனின் வயிற்றிலிருந்து யோனா சொன்ன செபம் கிட்டத்தட்ட முழுக்கத் திருப்பாடல்களின் சாயலில் இருக்கிறது. பேதுருவும் யோவானும் மிரட்டி அனுப்பப்பட்ட அன்று, சபை ஒன்றுகூடி இரண்டாம் திருப்பாடலைச் சொல்லி, அதிலிருந்தே தங்கள் மன்றாட்டை எடுத்தது (திருத்தூதர் பணிகள் 4). சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22ஆம் திருப்பாடலின் முதல் வரியும், 31ஆம் திருப்பாடலின் ஒரு வரியும்தான். சொந்தச் சொற்கள் வராத அந்த நேரத்தில் மனப்பாடமாக இருந்த சொற்கள் வந்தன. நமக்கும் அப்படி வர வேண்டும் என்றால் முன்னமே உள்ளே போயிருக்க வேண்டும், தினமும் வாசிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பகுதியை எடுப்பது? நானே தேர்ந்தெடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் திருச்சபை அன்றன்றைக்கு என்று கொடுத்திருக்கும் வாசகங்களைப் பின்பற்றுவதையே நான் சொல்லுவேன். காரணம் ஒன்றுதான்: நாமே தேர்ந்தெடுத்தால் பிடித்ததை மட்டும் எடுப்போம். ஆறுதல் தரும் நாலு அதிகாரங்களிலேயே சுற்றிக்கொண்டிருப்போம், பகைவரை மன்னிக்கச் சொல்லும் பக்கம் வரவே வராது. வாசக அட்டவணையைப் பின்பற்றினால் நாம் தப்பிக்க நினைக்கிற பகுதியும் ஒரு நாள் காலையில் எதிரே வந்து நிற்கும்.

அந்த அட்டவணை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் செபிப்பது இன்னும் எளிது. இப்போதைய கத்தோலிக்க வாசக அமைப்பு 1969இல் வந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் (உயிர்ப்பு விழாவுக்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்கள்) வரும், மாற்கு சிறியது என்பதால் அந்த ஆண்டின் நடுவே யோவான் 6ஆம் அதிகாரமும் சில வாரங்களுக்கு வரும். எந்த ஆண்டு நடக்கிறது என்று பார்க்க எளிய வழி, மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டு லூக்காவின் ஆண்டு. 2025 அப்படி, 2026 மத்தேயு, 2027 மாற்கு. திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் அல்ல, கிறிஸ்துமசுக்கு முந்தின நான்கு வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலேயே தொடங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வார நாட்களில் பொதுக்காலத்தில் (இந்தச் சிறப்புக் காலங்கள் போக மீதி நாட்கள்) நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் அதேதான், முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று என மாறும்.

சீர்திருத்தச் சபைகள் பலவும் 1992இல் வெளியான பொது வாசக அட்டவணையைப் பயன்படுத்துகின்றன, அதுவும் இதே மூன்று ஆண்டுச் சுற்றுதான். சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான மொராவிய சபையினர் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று நூலாக அச்சிட்டு வருகிறார்கள், இன்றும் அது தொடர்கிறது. எதுவும் கைவசம் இல்லையா? மாற்கு நற்செய்தியை முதலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பதினாறே அதிகாரம்.

ஒரே நாளில் முதல் வாசகம், திருப்பாடல், நற்செய்தி என மூன்று இருக்கிறதே, எல்லாவற்றையும் செபமாக்க வேண்டுமா?

வேண்டாம். ஒன்று போதும், அதிலும் சில வரிகள் போதும்.

இன்னொன்று. ஞாயிறுகளில் முதல் வாசகமும் நற்செய்தியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. பொதுக்கால வார நாட்களில் அப்படி இல்லை, இரண்டும் தனித்தனியே தொடர்ந்து ஓடுகின்றன. அதனால் செவ்வாய்க்கிழமை வாசகத்துக்கும் நற்செய்திக்கும் நடுவே எப்படியாவது ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பதிலுரைப் பாடலை, அதாவது அன்றைய திருப்பாடலை, மட்டும் தவறவிடாதீர்கள். முதல் வாசகத்தைக் கேட்ட மக்கள் கடவுளுக்குச் சொல்லும் பதில் அது. வாசகத்திலிருந்து எப்படிச் செபிப்பது என்பதற்குத் திருச்சபையே தினமும் ஒரு மாதிரி காட்டுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, வருகிற வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா? புனித அகுஸ்தீன் அப்படித்தானே மனம் மாறினார்?

386இல் மிலான் நகரில், ஒரு தோட்டத்தில், எடுத்து வாசி என்று குழந்தையின் குரல்போல ஒன்று கேட்டு அவர் திறந்தது பவுலின் திருமுகங்களை, கண்ணில் பட்டது உரோமையர் 13ஆம் அதிகாரம். உண்மைதான். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் தேடியிருந்தார், அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டிருந்தார், பவுலை ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியை மட்டும் பிரித்தெடுத்து முறையாக்க முடியாது. எப்போதாவது ஒரு நாள் அப்படித் திறப்பதில் தவறில்லை, தினசரி வழக்கமாக்குவதும், முடிவெடுக்க அதை வைத்துக் குறி பார்ப்பதும் வேண்டாம் என்பதே என் கருத்து.

சரி, எப்படித் தொடங்குவது? ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பது, சிந்திப்பது, செபிப்பது, கடவுள் முன்னிலையில் சும்மா இருப்பது. அவருக்கும் ஆறு நூற்றாண்டு முன்பே புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு இறைவாசிப்புக்கென்று தினமும் மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கியிருந்தார். படிகளை எண்ணிக்கொண்டே ஏற வேண்டியதில்லை. நடைமுறையில் இப்படி இருக்கும்.

மாற்கு 10:46-52, பார்வையற்ற பர்த்திமேயு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்ன வேண்டுதல், சிறுவன் சாமுவேல் சொன்னதுபோல: பேசும் ஆண்டவரே, அடியேன் கேட்கிறேன். அப்புறம் மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு வாசியுங்கள். உடனே பாடம் தேடாதீர்கள். என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒருவர் வழியோரத்தில் உட்கார்ந்திருக்கிறார், கத்துகிறார். பேசாமல் இரு என்று அதட்டுவது இயேசுவின் எதிரிகள் அல்ல, அவரோடு நடந்து வருகிற கூட்டமே. இயேசு நிற்கிறார். கூப்பிட்டதும் அந்த மனிதர் மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுகிறார். பார்வையில்லாதவரிடம் போய், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். பதில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவர் வாயால் சொல்லக் கேட்கிறார்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது எங்கேயாவது ஓரிடத்தில் மனம் நிற்கும். ஒருவருக்கு அந்த அதட்டல், இன்னொருவருக்கு எறிந்த மேலுடை, வேறொருவருக்கு அந்தக் கேள்வி. நின்ற இடத்திலேயே நில்லுங்கள், மீதிப் பகுதியை அன்றைக்கு விட்டுவிடலாம். ஏன் இங்கே நின்றேன் என்று கேட்டால் வழக்கமாக வாழ்க்கையிலிருந்து ஏதோ ஒன்று மேலே வரும். கேள்வியில் நின்றவருக்கு, தான் இத்தனை நாளாக எதை வேண்டுகிறோம் என்பதே தெளிவில்லாமல் இருந்தது புரியலாம். அதட்டலில் நின்றவருக்கு, வீட்டில் யாரையோ தான் பேசவிடாமல் அடக்கியது நினைவுக்கு வரலாம்.

அந்த இடத்திலிருந்து செபம் தானாக வரும். இப்படி ஒன்று:

"ஆண்டவரே, கூட்டம் அடக்கிய குரல் உமக்குக் கேட்டது, நீர் நின்றீர். என் குரலுக்கும் நிற்பீர் என்று நம்புகிறேன். என்ன வேண்டும் என்று நீர் கேட்டால் சட்டென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, பல மாதமாக எதையெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எனக்கு வேண்டியது எது என்று காட்டும். நான் வாயை அடைத்தவர்களின் பேச்சைக் கேட்க இன்று எனக்கு மனம் தாரும். பார்வை பெற்றவர் உம் பின்னால் நடந்ததுபோல என்னையும் நடத்தும். ஆமென்."

அதில் அழகான சொற்கள் ஒன்றுமில்லை, வாசகத்தில் இருந்தவையே திரும்பிப் போகின்றன. அவ்வளவே வேண்டும். முடித்ததும் உடனே எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

கற்பனை நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் காட்டிய வழியும் உண்டு: அந்தக் காட்சிக்குள்ளேயே போய், தூசியையும் சத்தத்தையும் உணர்ந்து, கூட்டத்தில் ஒருவராக நிற்பது. எல்லாருக்கும் இது வராது, வராவிட்டால் குறையில்லை.

எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம் தினமும் என்பது, ஒரு மணி நேரம் எப்போதாவது என்பதைவிட மேல். அந்தப் பத்தில் பாதியையாவது வாசிக்காமல், செபத்துக்கு வையுங்கள்.

காலையில்தான் செய்ய வேண்டுமா?

இயேசு இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்ததாக மாற்கு 1:35 சொல்கிறது, இரவெல்லாம் செபித்ததாக லூக்கா 6:12 சொல்கிறது. தானியேல் நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டார். ஆக, சரியான நேரம் என்று ஒன்று இல்லை. காலைக்கு ஒரு நன்மை உண்டு, வாசித்த வரி நாள் முழுக்கக் கூடவே வரும். இரவு வேலை பார்க்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் எந்த நேரம் கிடைக்கிறதோ அந்த நேரத்தில் செய்யட்டும், அதற்காக மனம் நோக வேண்டாம்.

பெயர்ப் பட்டியலும் சட்டமுமாக வரும் நாட்களில் எதை வைத்துச் செபிப்பது?

இந்தப் பகுதிகள் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மத்தேயு முதல் அதிகாரத்தை எடுங்கள். இயேசுவின் மூதாதையர் பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள், ஒவ்வொருவர் கதையிலும் வெளியே சொல்லத் தயங்கும் ஏதோ ஒன்று உண்டு. மத்தேயு அதை மறைக்கவில்லை. தன் குடும்ப வரலாற்றை நினைத்துக் கூசுகிற ஒருவருக்கு அந்தப் பட்டியலில் எவ்வளவு செபம் இருக்கிறது!

விடுதலைப் பயணம் 28 முழுக்கக் குருவின் உடை விவரம். அதன் நடுவே, இஸ்ரயேல் புதல்வரின் பெயர்களை ஆரோன் தன் நெஞ்சின்மேல் தாங்கிக் கடவுள் முன் செல்வார் என்று ஒரு வரி (28:29). பிறருக்காக மன்றாடுவது என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு உங்கள் செபம், யார் யாரை நெஞ்சில் வைத்திருக்கிறீர்களோ அவர்கள் பெயர்களைச் சொல்வதுதான்.

நெகேமியா 3இல் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் பெயர்கள். ஒருவர் தன் புதல்விகளோடு சேர்ந்து கட்டுகிறார், பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பகுதியைக் கட்டுகிறார்கள். என் வீட்டுக்கு எதிரே எது இடிந்து கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காத பகுதிகளும் உண்டு. அன்றைக்குத் திருப்பாடலுக்குப் போய்விடுங்கள்.

பகைவரைச் சபிக்கும் திருப்பாடல்களை எப்படிச் செபிப்பது? மனம் ஒப்பவில்லை.

ஒப்பாமல் இருப்பது நல்லதுதான். திருச்சபைக்கும் அந்தச் சிரமம் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1971இல் வெளியான திருப்புகழ்மாலையில் (குருக்களும் துறவியரும் நாளின் வெவ்வேறு வேளைகளில் சொல்லும் செபநூல்) 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும், வேறு சிலவற்றில் சில வரிகளையும் விட்டுவிட்டார்கள். ஆனால் பைபிளில் அவை இருக்கின்றன, இருப்பதற்குக் காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். 137ஆம் திருப்பாடலைப் பாடியவர்கள் ஊரும் கோவிலும் எரிந்து, நாடுகடத்தப்பட்டு, தங்களைக் கேலி செய்கிறவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் கொடுமையான கடைசி வரியை அவர்கள் யார்மீதும் செயலாக்கவில்லை, கடவுளிடம் கொட்டினார்கள். அவ்வளவு கோபம் நமக்கும் வரும் நாட்கள் உண்டு, அப்போது அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் அதுதான். அதற்குப் பின், பகைவருக்காக வேண்டுங்கள் என்ற இயேசுவின் சொல்லையும் சேர்த்து வாசியுங்கள். முதலாவதை ஒளித்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் சொன்னால் அது உதட்டளவில் நின்றுவிடும்.

வாசகம் மகிழ்ச்சியாக இருக்கிறது, நானோ துக்கத்தில் இருக்கிறேன். என்ன செய்வது?

வாசகத்தோடு சண்டை போடலாம். நீர் இப்படிச் சொல்கிறீர், என் வீட்டில் அப்படி இல்லையே என்று சொல்வதும் செபம்தான், திருப்பாடல் ஆசிரியர்கள் அதைத் தயங்காமல் செய்தார்கள். 13ஆம் திருப்பாடல் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டே தொடங்குகிறது. 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு நம்பிக்கை வரிகூடக் கிடையாது. அப்படி ஒரு பாடலைத் திருநூலில் வைத்திருக்கிற கடவுளிடம் பொய்ச் சிரிப்போடு போக வேண்டிய அவசியமில்லை.

சொல்லவே எதுவும் வராவிட்டால் உரோமையர் 8:26ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுவது என்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியாரே நமக்காகப் பெருமூச்சுகளோடு பரிந்து பேசுகிறார் என்று பவுல் சொல்கிறார்.

நேர்மாறாகவும் நடக்கும். நீங்கள் நன்றாக இருக்கும் நாளில் புலம்பல் திருப்பாடல் வரும். அன்றைக்கு அதை அழுதுகொண்டிருக்கும் வேறொருவருக்காகச் சொல்லுங்கள்.

இந்த வசனம் எனக்காகவே சொல்லப்பட்டது என்று எப்படி உறுதியாக நம்புவது?

இதில் கவனம் தேவை. பாலைநிலத்தில் இயேசுவிடம் 91ஆம் திருப்பாடலைச் சரியாக எடுத்துச் சொன்னது சாத்தான். வசனம் சரி, பயன்படுத்திய விதம் தவறு.

எரேமியா 29:11 பலருக்கும் பிடித்த வசனம்: உங்களுக்கென்று என்னிடம் நல்ல திட்டங்கள் உண்டு, நம்பிக்கையும் எதிர்காலமும் தருவேன் என்று கடவுள் சொல்வது. ஆனால் முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனில் எழுபது ஆண்டுகள் முடிந்த பிறகு என்று இருக்கிறது. அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்துக்காக வேண்டுங்கள் என்று இருக்கிறது. அந்த வசனத்தைத் தனியாக எடுத்தால் என் செபம், சீக்கிரம் என்னை இதிலிருந்து விடுவியும் என்பதாக இருக்கும். முழுவதையும் வாசித்தால், விருப்பமில்லாத இந்த இடத்திலும் எதையாவது நட எனக்குப் பொறுமை தாரும் என்று மாறிவிடும். இரண்டாவது செபம் கடினம், ஆனால் அதுதான் அந்த வாசகத்தின் செபம். ஆகவே முன்னும் பின்னும் பத்து வசனம் வாசிப்பதைப் பழக்கமாக்குங்கள். பெரிய முடிவு என்றால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கலந்து பேசுங்கள்.

மனம் அலைகிறது, ஒன்றுமே தோன்றவில்லை.

அலைந்தால் நின்ற வரிக்குத் திரும்பி வாருங்கள், திட்டிக்கொள்ள வேண்டாம். அலைச்சலில் திரும்பத் திரும்ப ஒரே கவலை வந்தால், ஒருவேளை அன்றைக்குச் செபிக்க வேண்டியதே அதுதான், அதை அந்த வரியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

செபத்தின் ஆசிரியை என்று மதிக்கப்படும் அவிலாவின் தெரேசாவே பல ஆண்டுகள் கையில் ஒரு நூல் இல்லாமல் செபிக்க உட்காரத் துணியவில்லை என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சில நாட்களில் நூலைத் திறந்ததுமே போதுமாக இருந்ததாம், சில நாட்களில் நிறைய வாசிக்க வேண்டியிருந்ததாம். வறண்ட நாட்களில் வாசகத்தையே மெதுவாக, கடவுளைப் பார்த்துச் சொல்வதுபோலத் திரும்ப வாசியுங்கள்.

செபத்தை எழுதி வைக்கலாமா? மற்றவர்கள் எழுதிய தினசரி செபங்களை வாசிக்கலாமா?

இரண்டும் செய்யலாம். எழுதினால் மனம் அலைவது குறையும், நான்கு வரி போதும். மற்றவர் எழுதியதை வாசிப்பதாக இருந்தால் முதலில் வாசகத்தைப் படித்து, உங்களுக்கு என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு வாசியுங்கள். முதலிலேயே அதைப் படித்தால் அவர் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

குடும்பமாகச் செய்யும்போது பிள்ளைகள் உட்காரமாட்டேன் என்கிறார்கள்.

ஐந்தாறு வசனங்களுக்கு மேல் வாசிக்காதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள், வீட்டுச் செபம் பிள்ளைகளைத் திருத்தும் நேரமாக மாறினால் அதோடு முடிந்தது. கதையில் யாரைப் பிடித்தது என்று கேளுங்கள், ஆளுக்கு ஒரு வாக்கியம் கடவுளிடம் சொல்லட்டும். சொல்ல விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் பல நாட்கள் விட்டுப்போனால், விட்ட வாசகங்களையெல்லாம் படித்து முடிக்க வேண்டுமா?

வேண்டாம். இன்றைய வாசகத்திலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போன வார நாள் நற்செய்தி அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மறுபடி வரும்.

செல்பேசியில் படித்துச் செபிக்கலாமா?

தாராளமாக. அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒரு சின்னச் சிக்கலும் உண்டு: சில பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் திருப்பாடல் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும், இன்றைய 51 அவற்றில் 50. செல்பேசியில் இருப்பதும் கையிலிருக்கும் நூலும் ஒத்துப்போகாவிட்டால் முந்தினதையோ அடுத்ததையோ பாருங்கள், கிடைத்துவிடும்.